கொள்முதல் பிரிவிலிருந்து ஒரு பதில்

காலையில் ஆபீஸுக்குப் போனதும் நான் செய்கிற முதல் வேலை அழிப்பது. கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் கொள்முதல் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். வால்வு, பைப், கையுறை, பீப்பாய், பெயிண்ட், வெளியாட்கள் செய்து தரும் சின்னச் சின்ன வேலைகள் எல்லாம் எங்கள் மேஜை வழியாகத்தான் உள்ளே வரும். பிரிவுக்கென்று ஒரு பொது மெயில் முகவரி உண்டு. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அதில் முன்பின் தெரியாதவர்களின் மெயில்கள் குவிந்திருக்கும். 'இத்துறையில் முன்னணி நிறுவனமாகிய நாங்கள்' என்று ஆரம்பித்தால் அழிப்பேன். என் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'ஐயா அல்லது அம்மா' என்றிருந்தால் அழிப்பேன். பதினைந்து நிமிஷம் ஒதுக்கச் சொன்னால் உடனே அழிப்பேன். எழுதியவன் வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று யோசித்ததில்லை. யோசித்தால் அந்த நாற்காலியில் உட்கார முடியாது.

அதனால் என் மகள் அதே மாதிரி மெயில் எழுதிப் பிழைக்கப்போகிறேன் என்று சொன்னபோது எனக்கு வந்தது கவலை என்றால் அது பாதிதான். மீதி கோபம்.

அவள் சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தாள். மிஷின்களுக்கும் மருந்துகளுக்கும் உபயோகக் குறிப்பு எழுதும் வேலை, ஆங்கிலத்திலும் தமிழிலும். ஒருநாள் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். இரண்டு பைகளோடு கடலூர் செம்மண்டலத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தவள், ஒரு வாரம் தூங்கி எழுந்து, இனி யாரிடமும் சம்பளத்துக்குப் போவதில்லை என்றாள்.

"வேலைய நானே தேடிக்கறேன்."

"எப்பிடித் தேடுவ?"

"மெயில் போடுவேன்."

"யாருக்கு?"

"வேலை வச்சிருக்கிறவங்களுக்கு."

"அவுங்கள உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"உன்ன அவுங்களுக்கு?"

"தெரியாதுப்பா. தெரிஞ்சா எதுக்கு மெயில் போடப் போறேன்?"

என் மனைவி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வேலை என்பது ஒருவர் சொல்லி இன்னொருவர் தருவது. நான் இந்த நாற்காலிக்கு வந்ததும் அப்படித்தான். 'நம்ம பையன்' என்று யாரோ ஒருவர் சொன்னார். அந்த ஒரு வார்த்தை இல்லாமல் ஒரு வாசலில் போய் நிற்பது எனக்குப் பிச்சைக்கு அடுத்தபடியாகத்தான் தெரிந்தது. அவளிடம் அப்படியே சொல்லியும் விட்டேன். அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வீட்டில் தட்டுச் சத்தம்தான்.

அவள் ஒரு நோட்டு வைத்திருந்தாள். கம்பெனி, அதில் அவள் கவனித்த ஒரு குறை, மெயில் போட்ட தேதி, பதில் என்று நாலு கட்டம். அவள் குளிக்கப் போனபோது எடுத்துப் பார்ப்பேன். நாலாவது கட்டம் பக்கம் பக்கமாக வெறுமையாக இருந்தது. பார்க்கக் கஷ்டமாக இருக்கும். அதே சமயம், நான் சொன்னதுதானே நடக்கிறது என்று ஒரு திருப்தியும் வரும். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒருநாள் நானே உட்கார்ந்து ஒரு மெயில் சொன்னேன். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான நிறுவனத்தில் ஒரு வாய்ப்பு அளித்தால் என்றென்றும் நன்றியுடையவளாக இருப்பேன்' என்று போனது அது. அவள் கடைசிவரை தட்டச்சு செய்தாள். பிறகு என் கண் முன்னாலேயே அழித்தாள்.

"இதுல எங்கப்பா அவுங்க இருக்காங்க? மொத்தமும் நான்தான் இருக்கேன். என் கஷ்டம், என் நன்றி. அவுங்களுக்கு என்னா பிரச்சனைன்னு ஒரு வரி இல்ல."

"பெரியவங்களுக்கு எழுதுறப்ப மரியாதை வேணாமா?"

"அவுங்க நேரத்த வீணாக்காம இருக்கறதுதான் மரியாதை. நீங்க தெனமும் அழிக்கறீங்களே, அதெல்லாம் இந்த மாதிரிதான இருக்கும்?"

அது உண்மை. அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

தீபாவளி முடிந்த கையோடு அவளைச் சிதம்பரத்துக்கு அழைத்துப்போனேன். என் மனைவியின் தம்பிக்கு அங்கே ஜெராக்ஸ் கடை. அவனுக்குத் தெரிந்த தனியார் பள்ளி ஒன்றில் ஓர் ஆசிரியை பிரசவத்துக்குப் போவதால் தை மாதத்திலிருந்து இடம் காலி. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் அவன் கடைக்குப் போனோம். கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக நின்றிருந்தார்கள். அவர்கள் நடுவிலேயே அவன் ஆரம்பித்தான்.

"வா மச்சான். என்னாம்மா, முன்னபின்ன தெரியாதவனுக்கெல்லாம் லெட்டர் போட்டுகினு இருக்கியாமே?"

"ஆமா மாமா."

"எத்தினி பேரு பதில் போட்டாங்க?"

"ஒருத்தரும் போடல மாமா."

"எனக்குந்தான் தெனம் வருது, ஆப்பிரிக்காவுல ஒருத்தன் செத்துட்டான், அவன் சொத்து எனக்குத்தான்னு. நான் பதில் போடறனா? நம்மள யாருன்னே தெரியாதவன் நமக்கு எதுக்கு எழுதுறான்னு தோணுமா தோணாதா?"

நின்றிருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், வாயால் மட்டும்.

"மாமா, உங்க கடைக்கு எதுத்தாப்புல புதுசா ஒரு ஜெராக்ஸ் கடை வந்திருக்கு. அவன் போர்டுல வெலை போட்டிருக்கான், நீங்க போடல. அந்தப் பசங்க வெலைய பாத்துட்டு அங்க போறாங்க. இத மெயில்ல எழுதி அனுப்பினா படிப்பீங்களா மாட்டீங்களா?"

அவன் எதிர்க் கடையைத் திரும்பிப் பார்த்தான். எனக்கு அவள் மேல் பெருமை வந்திருக்க வேண்டும். பெரியவனைக் கடை வாசலிலேயே மட்டம் தட்டிவிட்டாளே என்றுதான் கொதித்தது.

பள்ளிக்கூடத் தாளாளர் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டார்: கல்யாணம் எப்போது, நடுவில் விட்டுவிட்டுப் போய்விடுவாளா, தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் வருவாளா. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில், பரங்கிப்பேட்டை பஸ்ஸுக்கு ஓடுகிற கூட்டம் எங்களை இடித்துத் தள்ள, அவள் நின்று சொன்னாள்.

"பொங்கல் வரைக்கும் டைம் குடுங்க. அதுக்குள்ள ஒரே ஒரு கம்பெனி வேலை குடுத்தாலும் இந்தப் பேச்ச விட்றணும். குடுக்கலன்னா தையில இங்கயே வந்து சேந்துக்கறேன். வாயத் தொறக்க மாட்டேன்."

"சரி," என்றேன். பொங்கலுக்கு இரண்டரை மாதம்கூட இல்லை. அவள் தோற்றுவிடுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதனால்தான் அவ்வளவு சுலபமாகச் சரி என்றேன்.

இனி, இதையெல்லாம் எழுதவைத்த மெயிலுக்கு வருகிறேன்.

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை அன்று மட்டும் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பம்புக்கும் மோட்டாருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து அனுப்புவது வழக்கம். சிதம்பரம் போவதற்கு முன்னால் வந்த அந்த வருஷத்துப் பூஜைக்கு மனைவியும் மகளும் வந்திருந்தார்கள். ஆசிட் ஏற்றி இறக்கும் இடத்தில் ஒரு பெரிய மஞ்சள் போர்டு உண்டு. அதற்கும் நான்தான் பொட்டு வைத்தேன். மகள் அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றிருந்தாள். பொரி தின்றுகொண்டு வேடிக்கை பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

கார்த்திகை மழையில் ஊரே நசநசத்துக் கிடந்த ஒரு காலையில், ஆலை மேலாளரிடமிருந்து எங்கள் பொது முகவரிக்கு ஒரு மெயில் வந்தது. யாரோ அவருக்கு எழுதியதை எங்களுக்குத் தள்ளிவிட்டு, மேலே 'பார்த்துச் சொல்லவும்' என்று போட்டிருந்தார். கீழே இருந்தது என் மகள் எழுதியது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன்.

'ஆயுத பூஜை அன்று உங்கள் ஆலைக்கு வந்திருந்தேன். ஆசிட் இறக்கும் இடத்தில் உள்ள தமிழ்ப் போர்டு, கண்ணில் தெறித்தால் கிடங்கின் வடகிழக்கில் உள்ள கண் கழுவும் குழாய்க்குச் செல்லவும் என்கிறது. எட்டாவது வரியில் இருக்கிறது அது. கண் எரிகிறவரால் எட்டு வரி படிக்க முடியாது, வடகிழக்கும் தேட முடியாது. முதல் வரியாக இப்படி இருக்கலாம்: இடது கைப்பக்கம் சுவரைத் தொட்டுக்கொண்டே போ, குழாய் இருக்கிறது. கூடவே ஓர் அம்புக்குறி. இந்த ஒரு போர்டை மாற்றி எழுதி இணைத்திருக்கிறேன். பிடித்திருந்தால் இதை நீங்கள் அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம். மற்ற போர்டுகளையும் பார்த்துத் தரவேண்டும் என்று தோன்றினால் ஒரு வரி எழுதுங்கள்.'

அவ்வளவுதான். கீழே அவள் பெயர், போன் நம்பர். தன் அப்பா அங்கே வேலை செய்கிறார் என்று ஒரு வார்த்தை இல்லை.

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த முகவரிக்கு வந்த மெயில்களில் நான் முழுவதும் படித்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இப்படி எழுதினால் யாரும் அழிக்க மாட்டார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்தப் போர்டை வாங்கியவனும் நான்தான் என்பதும் தெரிந்தது. தலைமை ஆபீஸ் அனுப்பிய ஆங்கில வாசகத்தைக் கம்ப்யூட்டர் மொழிபெயர்ப்பில் போட்டு, வந்த தமிழை அப்படியே பெயிண்டரிடம் கொடுத்தேன். வடகிழக்கு என்று இருந்ததை ஒரு தடவைகூட அங்கே நின்று படித்துப் பார்க்கவில்லை. வருஷா வருஷம் பொட்டு மட்டும் வைத்தேன்.

அவளுக்கு அந்தப் போர்டு யார் வாங்கியது என்று தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுதியிருப்பாள்.

டீ வந்தது. குடித்தேன். முதலில் மேலாளருக்கு எழுதினேன்: 'மொத்தமாக எல்லோருக்கும் அனுப்பும் மெயில். தற்போது தேவையில்லை.' பிறகு அவளுக்கு. பொது முகவரியிலிருந்து, பெயர் போடாமல், கீழே 'கொள்முதல் பிரிவு' என்று மட்டும் போட்டு:

'கேட்காமல் அனுப்பப்படும் மெயில்களை நாங்கள் பரிசீலிப்பதில்லை. எங்கள் முகவரியை உங்கள் பட்டியலிலிருந்து நீக்கவும். இனிமேல் தொந்தரவு செய்ய வேண்டாம்.'

அழித்துவிட்டுப் போயிருக்கலாம். எல்லோருக்கும் அதைத்தானே செய்கிறேன். அவளுக்கு மட்டும் உட்கார்ந்து பதில் எழுதினேன். அவள் நன்மைக்கு என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போதே அவள் கூடத்தில் போனை வைத்துக்கொண்டு அம்மாவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள்.

"தொந்தரவு செய்ய வேண்டாமாம். எந்தக் கம்பெனி தெரியுமாப்பா? உங்க கம்பெனிதான்."

"எங்க கம்பெனிக்கு எதுக்குப் போட்ட?" என்றேன்.

"போர்டு தப்பா இருந்துச்சு, போட்டேன். உங்க பேர இழுக்கல, பயப்படாதீங்க. உங்க பிரிவுல யாருப்பா இவ்வளோ திமிரா எழுதுறது?"

"யாராவது எழுதியிருப்பாங்க. நாலு பேர் இருக்கோம்."

"நாலாவது கட்டத்துல எழுதறதுக்கு மொதல்மொதலா ஒரு பதில் வந்திருக்கு," என்று அம்மாவிடம் சொன்னாள். "வந்ததே இந்த லட்சணத்துல வந்திருக்கு."

எழுந்து மாடிக்குப் போனாள். மனைவி என்னைப் பார்த்து, "நீங்க விசாரிக்கக் கூடாதா?" என்றாள். பார்க்கிறேன் என்றேன். அதற்கப்புறம் பத்து நாள் அவள் ஒரு மெயிலும் போடவில்லை. நோட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சிதம்பரத்துக்கு பஸ் பாஸ் எப்படி வாங்குவது என்று அம்மாவிடம் கேட்டாளாம். நான் நினைத்தது நடந்துவிட்டது. வீட்டில் இருக்கவே பயமாக இருந்தது.

மார்கழியில் தலைமை ஆபீஸிலிருந்து பாதுகாப்புத் தணிக்கைக்கு ஆள் வந்தார். தமிழ்க்காரர். மஞ்சள் போர்டின் முன்னால் நின்று, பக்கத்தில் இருந்த காண்டிராக்ட் தொழிலாளி ஒருவரைக் கூப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு குழாய்க்குப் போகச் சொன்னார். அந்த ஆள் நேரே லாரிப் பக்கம் நடந்தார். மேலாளர் முகம் சுண்டிப்போனது. தணிக்கைக்காரர் போனதும் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஒரு பொண்ணு இதப்பத்தி மெயில் போட்டிருந்துச்சே. அத என்ன செஞ்சீங்க?"

"தேவையில்லைன்னு போட்டேன் சார்."

"இப்ப தேவை. நம்பர் அதுல இருக்கும். இங்கருந்தே அடிங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

மெயிலைத் திறந்து நம்பரைப் பார்த்துப் பார்த்து அடித்தேன். பார்க்காமலே என் விரலுக்குத் தெரிந்த நம்பர். மூன்று தடவை மணி அடித்தது.

"ஹலோ," என்றாள்.

நான் கம்பெனியின் பெயரைச் சொன்னேன். கொள்முதல் பிரிவிலிருந்து பேசுகிறேன் என்றேன். ஆலை மேலாளரும் பக்கத்தில் இருக்கிறார் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்.

எங்கள் தெருவில் கோலமாவு விற்பவரின் குரல் மட்டும் போனுக்குள் தூரத்தில் கேட்டது.

"சொல்லுங்க சார்," என்றாள்.

அவள் என்னை சார் என்றது அதுதான் முதல் தடவை.

"நீங்க அனுப்பிச்ச மெயில் விஷயமா..."

"அதுக்குத்தான் பதில் போட்டீங்களே சார். இனிமேல் தொந்தரவு செய்ய வேண்டாம்னு. உங்க முகவரிய நீக்கச் சொன்னீங்க, நீக்கிட்டேன். அந்தப் பதில எழுதினது நீங்களா சார்?"

மேலாளர் என்னைப் பார்த்தார். அப்படியொரு பதில் போனதே அவருக்குத் தெரியாது.

"ஆமா," என்றேன்.

"நல்லது சார். யார் எழுதினதுன்னு தெரியாம ரொம்ப நாளா யோசிச்சுகினு இருந்தேன்."

மேலாளர் குறுக்கே புகுந்து, தான் யார் என்று சொல்லி, மன்னிக்கச் சொன்னார். எல்லாப் போர்டுகளையும் பார்த்து எழுதித் தர முடியுமா என்றார். அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. எழுதித் தருவதை மாட்டுவதற்கு முன்னால் அங்கே வேலை செய்கிறவர்களைப் படிக்கச் சொல்லி, நடக்கச் சொல்லி, தான் பார்க்க வேண்டும் என்றாள். இன்னொன்றும் சொன்னாள்.

"வேலை சம்பந்தமா நான் உங்ககிட்டதான் பேசுவேன் சார். கொள்முதல் பிரிவுகிட்ட பேச மாட்டேன்."

மேலாளர் சிரித்தார். "நியாயம்தாம்மா," என்றார். நானும் சிரிக்க வேண்டிய இடம் அது. சிரித்தேன்.

வீட்டுக்குப் போக ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போனேன். அவள் வாசல் படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் தாண்டிப் போகும்போது நிமிராமல் கேட்டாள்.

"அத டைப் பண்ண எவ்வளோ நேரம் ஆச்சுப்பா?"

"எனக்கு பயமா இருந்துச்சும்மா."

"எத்தன நிமிஷம்னு கேட்டேன்."

"ரெண்டு நிமிஷம்."

"தெனமும் ரெண்டு செகண்ட்ல அழிப்பேன்னு சொல்வீங்க. எனக்கு ரெண்டு நிமிஷம் குடுத்திருக்கீங்க." முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போர்டு நான் வாங்கியது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்லவில்லை.

எங்கள் கம்பெனிக்கு யார் வேலை செய்து கொடுத்தாலும் முதலில் ஒரு பதிவுப் படிவம் நிரப்ப வேண்டும். அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அவளுக்கு நான் அனுப்பவில்லை, மேலாளரே அனுப்பினார். நிரம்பி என் மேஜைக்குத்தான் வந்தது. கடைசிப் பக்கத்தில் பதினோராவது கேள்வி: நமது நிறுவனத்தில் உங்கள் உறவினர் யாரேனும் பணிபுரிகிறாரா? படிவம் வரும்வரை, அவள் அதற்கு என்ன எழுதுவாள் என்று நான் மூன்று நாள் தூங்காமல் இருந்தேன். 'இல்லை' என்று எழுதினால் பொய். அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் தப்பு, போடாவிட்டால் அவள் வேலை போகும். எனக்காக அப்படி எழுதுவாள் என்றுகூட ஓரத்தில் ஓர் ஆசை இருந்தது.

'ஆம்' என்று எழுதியிருந்தாள். என் முழுப் பெயர், கொள்முதல் பிரிவு, தந்தை. பன்னிரண்டாவது கேள்வி: இந்த வாய்ப்பைப் பெற அவர் உங்களுக்கு எவ்வகையிலேனும் உதவினாரா? அவள் 'இல்லை' என்று எழுதி, அதன் கீழ் ஒரு கோடு போட்டிருந்தாள்.

சரிபார்க்கப்பட்டது என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அந்தப் படிவத்தில் சரிபார்க்கத் தேவையே இல்லாத பதில் அது ஒன்றுதான். எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன். அவர் பதினொன்றைப் படித்தார், பன்னிரண்டைப் படித்தார், திரும்பப் பதினொன்றைப் படித்தார்.

"உங்க பொண்ணா?"

"ஆமா சார்."

"அந்தப் பதில நீங்க..."

"ஆமா சார். அந்த போர்டும் நான் வாங்கினதுதான்."

அவர் படிவத்தை மூடினார். இந்த ஃபைல் இனி உங்களிடம் வராது, ஸ்டோர்ஸ் அதிகாரி பார்ப்பார் என்றார். வைத்துவிட்டுப் போகச் சொன்னார். நான் கதவருகில் போனதும், "வீட்ல பேசுதா?" என்று கேட்டார். இல்லை சார் என்றேன். இப்போதும் தேவைக்கு மேல் பேசுவதில்லை.

போகிக்கு முந்தின நாள் வேலை ஆணை அவளுக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு கம்பெனி, பொங்கலுக்கு முன்னால். பேச்சு பேச்சுதான். சிதம்பரத்துக்குப் போன் செய்து, பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வரமாட்டாள் என்று மச்சினனிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பிடியா மச்சான்? வேலை யாரு குடுத்தது? நமக்குத் தெரிஞ்சவங்களா?"

நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவள் பார்வையை எடுக்கவில்லை.

"இல்ல," என்றேன். "முன்னபின்ன தெரியாதவங்க."